ஆள் கையில் கொடுத்துவிட்ட பூனை

1

“உம்மா, நீங்க கறுவாவக் குடுத்தீங்களா, இல்லாட்டி உட்டுட்டு வந்தீங்களா?”

கனடாவில் வந்து இறங்கிய அன்று, விமான நிலையத்தின் வெளிவாசலில் ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்துகொண்டு என் மகள் ஹனா இப்படிக் கேட்டாள். அப்போது அவளுக்கு ஆறு வயது. இந்தக் கிழமையோடு நாங்கள் வந்து ஒரு வருடமாகிறது.

கறுவா எங்கள் பூனை. சீனி என்று இன்னொன்றும் இருக்கிறது; நான் இதை எழுதும்போது அது மேசைக்கு அடியில், சுவரோரத்து வெப்பக் குழாயோடு ஒட்டிப் படுத்திருக்கிறது. எங்கள் ஊரான கல்முனைக்குடியிலிருந்து இரண்டும் ஒன்றாகப் புறப்பட்டன. ஒன்றுதான் எங்கள் வீடு வந்து சேர்ந்தது. மற்றது இதே நாட்டில், பஸ்ஸில் ஒரு முழுப் பகல் போகவேண்டிய தூரத்தில், வேறொரு பெண்ணின் பெயரில் இருக்கிறது. அதைப் பற்றி வரும் திங்கட்கிழமைக்குள் நான் ஒரு முடிவு சொல்லவேண்டும். முடிவெடுக்க முடியாமல்தான், ஊரிலும் நாடு மாறியும் இருக்கும் நம் ஆட்களான உங்களுக்கு இதை எழுதுகிறேன்.

2

ஹனாவின் வாப்பா கனடாவுக்குப் போனபோது அவள் இன்னும் நடக்கப் பழகவில்லை. அவர் எங்களைக் கூப்பிடும் வரை நானும் அவளும் என் உம்மா வாப்பாவோடு கல்முனைக்குடியில் இருந்தோம். மீன் சந்தைக்குப் பின்னால் ஒரு மீன் பெட்டிக்குள் கிடந்த இரண்டு குட்டிகளை வாப்பா ஒரு நாள் தன் இடுப்புச் சாரத்தில் பொதிந்து கொண்டுவந்தார். வெள்ளைக்குச் சீனி என்றும், கறுவாப்பட்டை போன்ற மண்ணிறத்துக்குக் கறுவா என்றும் ஹனாதான் பெயர் வைத்தாள். இரண்டும் ஒரே குவியலாகத்தான் தூங்கும். எது யாருடைய கால் என்று பிரித்துப் பார்க்க முடியாது. அந்தக் குவியலுக்குப் பக்கத்தில் பாயைப் போட்டு ஹனாவும் தூங்குவாள்.

விசா வந்த செய்தியைச் சொன்னதும் ஹனா கேட்ட முதல் கேள்வி, “அவங்களுக்கும் வந்திட்டா?” என்பதுதான். வாப்பாவைப் பார்க்கப் போகிறோம் என்ற சந்தோசம் அதற்குப் பிறகுதான் அவள் முகத்தில் வந்தது.

எங்கள் மாமிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. “மனிசன் போறதுக்கே விசா இல்லாம ஊரெல்லாம் கெடந்து அழுறானுகள். இவ பூனைக்கு விசா எடுக்கப் போறாவாம்!”

உண்மையில் பூனைக்கு விசா தேவையில்லை. தடுப்பூசியும், தோலுக்கு அடியில் ஒரு சிப்பும், அரச மிருக வைத்தியரின் அத்தாட்சியும் போதும். அதற்காக நான் எத்தனை தடவை எத்தனை வாசலில் நின்றேன் என்பதை இங்கே எழுதப் போவதில்லை. பூனையைச் சாமான்களோடு அடியில் போடத் தேவையில்லை, உள்ளேயே நம் காலடியில், முன் இருக்கைக்குக் கீழே ஒரு துணிப் பையில் வைத்துக்கொண்டு போகலாம் என்று தெரிந்தபோது எனக்கு உயிர் வந்தது. உடனே இரண்டு பைகள் வாங்கி, அவற்றுக்குள்தான் சாப்பாடு வைத்தேன். முதலில் தலையை மட்டும் நீட்டின. பிறகு உள்ளே போய்ச் சுருண்டன. கடைசியில் பையின் வாயை இழுத்து மூடினாலும் சத்தம் போடவில்லை. எல்லாம் சரி என்று நினைத்துக்கொண்டிருந்தபோதுதான் அந்த விதி தெரியவந்தது: பெரிய ஆள் ஒருவருக்கு ஒரு பூனை. ஹனாவுக்கு முழு டிக்கெட் எடுத்திருந்தாலும் அவள் சின்னப் பிள்ளை. அவள் பெயரில் பூனை ஏறாது.

“உங்கட உம்மாட்ட உட்டுட்டு வாங்க,” என்றார் இவர், ஹனாவின் வாப்பா, தொலைபேசியில். “அங்க ராசா மாதிரி இரிக்கும்.”

அன்றைக்கு அப்படியே செய்திருக்கலாம். இப்போது தினமும் அதைத்தான் யோசிக்கிறேன். ஆனால் எதை விடுவது? இரண்டையும் பார்த்துப் பார்த்து, ஒன்றைச் சுட்டிக் காட்ட என் விரல் எழும்பவில்லை.

3

வழி சொன்னவர் வாப்பா. “இதுக்கு ஏன் புள்ள அழுறாய்? ஆள் போகுதா எண்டு பாப்பம். கையில குடுத்து உடுவம்.”

எங்கள் ஊர்களில் எந்தக் கஷ்டத்துக்கும் இதுதான் மருந்து. ஒருவர் வெளிநாடு போகிறார் என்று தெரிந்தால் போதும், பள்ளிவாசல் ஒழுங்கையில் வீட்டுக்கு வீடு செய்தி பரவிவிடும். மாசிக் கருவாட்டுத் தூள், மஸ்கட் இனிப்பு, மருதமுனைக் கைத்தறிச் சாரம், முட்டி வலிக்கு எண்ணெய் என்று நாலு வீட்டுப் பொதி அவர் பெட்டிக்குள் ஏறும். யாருடைய பொதியில் என்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்ப்பதில்லை. இறங்கும் இடத்தில் ஆள் வந்து நிற்கும், வாங்கிக்கொண்டு போகும். அது அமானிதம். நம்பி ஒப்படைத்த பொருள். தொலைந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. இந்த நம்பிக்கையில்தான் ஒரு உயிரையும் பொதி போல நினைத்துவிட்டேன்.

அதே நாளில், அதே விமானத்தில் கனடா போகும் ஒரு பெண்ணை வாப்பா கண்டுபிடித்தார். அவளை றிஸ்னா என்று சொல்கிறேன். உண்மையான பெயர் அதுவல்ல. பக்கத்து ஊர். இருபத்திரண்டு வயது. கலியாணம் முடிந்து மாப்பிள்ளையிடம் போகிறாள். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். பெண்ணுக்கென்று வாப்பா கட்டிக் கொடுத்த வீட்டில்தான் குடும்பம் தொடங்கும். றிஸ்னாவுக்கும் புது வீடு கட்டி, நிறம் அடித்து வைத்திருந்தார்கள். மாப்பிள்ளை ஒரு மாதம் இருந்துவிட்டுக் கனடா திரும்பியிருந்தார். வீட்டைப் பூட்டிச் சாவியை உம்மாவிடம் கொடுத்துவிட்டு அவள் புறப்பட்டுக்கொண்டிருந்தாள்.

நாங்கள் போனபோது அவளுடைய உம்மா பொதிகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். “வைங்க மகள், வைங்க. என்ன, மாசியா?”

“பூனை, மாமி.”

அவர் என் முகத்தையும் பையையும் மாறி மாறிப் பார்த்தார். “உசிரோடயா?”

உள்ளேயிருந்து றிஸ்னா சிரித்த சத்தம் கேட்டது. அவள் வந்து பையைத் திறந்து கறுவாவைத் தூக்கினாள். புது ஆள் கையில் ஒருபோதும் நிற்காத பூனை, அவள் தோளில் முகத்தை வைத்துக்கொண்டது.

“நான் கொண்டு வாறன் ராத்தா,” என்றாள், சொந்த அக்காவிடம் சொல்வது போல. “எனக்கும் தனியாப் போகப் பயமாத்தான் இரிக்கி.”

4

கட்டுநாயக்க விமான நிலையத்தில் பெட்டி போடும் இடத்தில் எனக்கு முன்னால் நின்றது றிஸ்னா. அவளுக்கு அவளுடைய மாப்பிள்ளை தொலைபேசியில் பாடம் நடத்தியிருந்தார்: யார் என்ன கேட்டாலும், எல்லாம் என்னுடையது, நானே கட்டினேன், யாரும் எதுவும் தரவில்லை என்று ஆங்கிலத்தில் சொல்லவேண்டும். ஊரில் எல்லோருக்கும் சொல்லிக் கொடுக்கும் பாடம்தான்.

அங்கிருந்த பெண் பூனையைக் காட்டி ஏதோ கேட்க, றிஸ்னா பாடம் ஒப்பிப்பது போலச் சொன்னாள்: என்னுடையது, நானே கட்டினேன்.

“பூனையையுமா?” என்று அந்தப் பெண் சிரித்துவிட்டாள். ஆனால் அத்தாட்சியில் என் பெயரைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. நான் ஓடிப் போய், இது என்னுடையது, இவ எனக்கு உதவி செய்றா என்றேன். அது இன்னும் மோசமாகிவிட்டது. ஒருத்தி தன்னுடையது என்கிறாள், மற்றவள் இல்லை என்கிறாள். பெரியவர் ஒருவர் வந்தார். கொண்டு போகிறவரின் பூனையாக இருந்தால்தான் உள்ளே ஏற்றலாம் என்றார். இல்லாவிட்டால் வெளியே நிற்பவர்களிடம் கொடுத்துவிட்டு வாருங்கள்.

வெளியே யாரும் இல்லை. வாப்பா கூலிக்குப் பிடித்து, இரண்டு வீட்டாரும் ஒன்றாக வந்த வேன் திரும்பிப் போய்விட்டது. கல்முனைக்கு இரவு முழுக்க ஓடவேண்டும் என்று நான்தான் அவரை அவசரப்படுத்தி அனுப்பியிருந்தேன். ஹனா என் அபாயாவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கறுவாவை இந்தப் பெண்ணுக்கே கொடுத்துவிட்டேன் என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். கை ஒரு கணமும் தயங்கவில்லை. விமானம் ஏற ஒரு வழி, அவ்வளவுதானே. இறங்கியதும் என் கைக்கு வந்துவிடுமே. ஆனால் பக்கத்தில் நின்ற ஹனாவுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியும், பழக்கியதே நான் என்பதை மறந்துவிட்டேன்.

5

விமானம் மாறிய ஊரில் பாதுகாப்புச் சோதனைக்காகப் பூனைகளைப் பையிலிருந்து எடுத்துக் கையில் தூக்கிக்கொண்டு நடக்கச் சொன்னார்கள். சீனி என் மணிக்கட்டைக் கிழித்தது. கறுவா றிஸ்னாவின் முக்காட்டுக்குள் ஏறி, கழுத்தைச் சுற்றிப் படுத்துவிட்டது. சோதனை செய்த பெண் தேடித் தேடி, கடைசியில் இரண்டு மஞ்சள் கண்களைக் கண்டு அலறினாள். ஊரைவிட்டுப் புறப்பட்டதிலிருந்து அழுத முகமாகவே இருந்த றிஸ்னா, கூச்சத்தில் நெளிந்து நெளிந்து சிரித்தாள். “ராத்தா, இது என்னய உடமாட்டேங்குது!”

அந்தப் பேச்சை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கனடாவில் இறங்கியதும் குடியேற வந்தவர்களைத் தனி அறைக்கு அனுப்பினார்கள். றிஸ்னாவும் அங்கேதான் இருந்தாள். அவள் பெயரை முதலில் கூப்பிட்டார்கள். எங்களுடையது வரவேயில்லை. ஹனாவின் பிறப்புச் சான்றிதழில் என் பெயரோடு வரும் வாப்பாவின் பெயர் ஒரு மாதிரி, என் கடவுச்சீட்டில் இன்னொரு மாதிரி எழுதியிருந்தது. அதை விளக்கிச் சொல்ல எனக்குத் தெரிந்த ஆங்கிலம் போதவில்லை. ஊரில் பாடசாலையில் ஆங்கிலம் படிப்பித்தவள் நான்.

வெளியே வந்தபோது இவர் மட்டும் பூங்கொத்தோடு நின்றார். றிஸ்னாவின் மாப்பிள்ளைக்கு மறுநாள் காலை வேலையாம். நெடுந்தூரம் ஓடவேண்டுமாம். நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டார்களாம்.

“பூனை?” என்று கேட்டேன்.

“அந்தப் புள்ள என்னட்டத் தரத்தான் வந்தா. மாப்பிள்ளதான், பேப்பரெல்லாம் இவட பேர்ல இரிக்கி, வாசல்ல புடிச்சாப் பிரச்சின வரும், அடுத்த கிழம நானே கொண்டு வந்து தாறன் எண்டான். நானும் சரியெண்டன்.” பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, “அடுத்த கிழமதானே,” என்றார்.

அப்போதுதான் ஹனா அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

6

அடுத்த கிழமை பனி கொட்டியது. அதற்கடுத்த கிழமை அவருக்கு வேலை. பிறகு கார் பழுது. நாங்கள் போகலாம் என்றால் இவருக்கு விடுமுறை இல்லை. எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. பஸ்ஸில் பூனையை ஏற்றமாட்டார்கள். இதையெல்லாம் எழுதும்போது சாக்குப் போலத்தான் தெரிகிறது. ஒவ்வொன்றும் அந்த நேரத்தில் உண்மையாகவே இருந்தது.

ஜும்ஆ நாளான வெள்ளிக்கிழமைகளில் றிஸ்னா வீடியோவில் வருவாள். கறுவாவை மடியில் வைத்துக்கொண்டு காட்டுவாள். ஹனா கன்னத்தைத் திரையில் ஒட்டிக்கொண்டு கதைப்பாள். மற்ற நாளெல்லாம் என் மகள் ஆங்கிலத்தில்தான் பேசுகிறாள். நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் வருகிறது. சாப்பிட்டீங்களா மகள் என்றால் தலையை மட்டும் ஆட்டுகிறாள். சீனியிடம்கூட ஆங்கிலம்தான்; இங்கே வந்து சீனியும் பழகிவிட்டதாம். ஆனால் கறுவாவிடம் முழுக்க முழுக்க நம்முடைய கதைதான்.

“கறுவா, நீங்க திண்டீங்களா? மீன் இரிக்கா அங்க? குளிருதா? ஓம், எனக்கும் குளிருது. அழாதீங்க, உம்மா வந்து கூட்டிட்டு வருவா.”

அந்தக் கொஞ்ச நேரத்துக்காக நான் ஆறு நாள் காத்திருக்கிறேன் என்று யாரிடமும் சொன்னதில்லை. பக்கத்து அறையில் துணி மடிப்பது போல நின்று கேட்டுக்கொண்டிருப்பேன்.

வந்ததிலிருந்து ஹனா படுக்கையை நனைக்கிறாள். பாடசாலையில் வாயே திறப்பதில்லை என்று ஆசிரியை சொன்னார். வைத்தியரிடம் கூட்டிப் போனோம். உடம்பில் ஒன்றுமில்லை, கொடுத்த வாக்கை மட்டும் மீறாதீர்கள், இந்த வயதில் அதுதான் மருந்து என்றார். அதனால் ஒரு வாக்குக் கொடுத்தேன்: இந்த மார்கழி விடுமுறைக்குக் கறுவா நம் வீட்டில் இருக்கும். அன்றிலிருந்து நனைப்பது குறைந்தது. சீனியின் கிண்ணத்துக்குப் பக்கத்தில் இன்னொரு கிண்ணத்தைக் கழுவி வைத்திருக்கிறாள்.

றிஸ்னாவிடம் இரண்டு தடவை கண்டிப்பாகக் கேட்டேன். இரண்டாவது தடவை அவள் அழுதுகொண்டே சொன்னாள்:

“அவர் விடியப் போனா இருட்டித்தான் வருவார் ராத்தா. வந்தாலும் போனப் பாத்துட்டு இரிப்பார். நான் இஞ்ச ஆரோட கதைக்கிற? சத்தியமா இதோட மட்டுந்தான். இன்னம் கொஞ்ச நாள் இரிக்கட்டுமே.”

சரி என்று சொன்னேன். அந்தப் பக்கம் அழும் ஒருத்தியிடம் வேறென்ன சொல்வது? ஹனாவின் வாப்பாவுக்குக் கோபம். “அமானிதத்தத் திருப்பிக் கேக்கிறதுல என்ன வெக்கம்? பொல்லாப்பு அவங்களுக்குத்தான்.” அவர் சொல்வது மார்க்கப்படி சரி. ஆனால் அவர் கறுவா அவள் முக்காட்டுக்குள் சுருண்டதைப் பார்க்கவில்லை.

7

வந்து ஒரு வருடம் ஆன அன்று இவர் புரியாணி ஆக்கலாம் என்றார். நான் அரிசியைக் களைந்து அடுப்பில் வைத்திருந்தேன். றிஸ்னாவின் அழைப்பு வந்தது. ஜும்ஆ நாளில்லை; ஈரக் கையோடு எடுத்தேன்.

“நான் ஊருக்குப் போறன் ராத்தா.”

“லீவுக்கா?”

“இல்ல.”

அவர்களுக்குள் என்ன நடந்தது என்பது அவளுடைய கதை, நான் எழுதமாட்டேன். அடுத்த வெள்ளிக்கிழமைக்கு டிக்கெட் போட்டாகிவிட்டது. கறுவாவையும் கொண்டு போகிறாள். வந்தது போலவே காலடியில், அதே பையில். அதற்கு என்னிடம் இருக்கும் தடுப்பூசிப் புத்தகமும், சிப்பின் பதிவை மாற்ற என் கையெழுத்தும் வேண்டும். திங்கட்கிழமை தபாலில் போட்டால்தான் நேரத்துக்குக் கிடைக்கும்.

எங்களோடு வந்து இரு என்றேன். பூனையும் இரிக்கட்டும், நீயும் இரி, நான் பாத்துக்கொள்றன் என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

“எனக்கு எங்கட உம்மா வேணும் ராத்தா,” என்றாள்.

பிறகு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “வெளிநாட்டுல இருந்து ஒரு பொதியும் இல்லாமப் போய் அந்த வாசல்ல நிக்கணும். மாப்பிள்ள இல்லாம அந்தப் புது வீட்டத் தொறக்கணும். இதோட போய் இறங்கினா, ஆக்கள் பூனையப் பத்திக் கேப்பாங்க. ஏத்தினாங்களா, கத்திச்சா, என்ன திண்டிச்சி எண்டு கேப்பாங்க. என்னப் பத்திக் கேக்க மாட்டாங்க. கொஞ்ச நாளைக்காச்சும்.”

அரிசி அடுப்பில் குழைந்துபோனது. ஹனா கதவோரம் நின்றிருந்தாள். எவ்வளவு நேரம் நின்றாள் என்று தெரியாது. அடுத்த நாள் காலையில் படுக்கை நனைந்திருந்தது.

8

உம்மாவிடம் கேட்டேன். “ஒரு பொண்ணுட கண்ணீர எடுக்காத மகள், புத்தகத்த அனுப்பு,” என்றார். கொஞ்சம் பொறுத்து, “ஆனா உன்ட புள்ளையும் பொண்ணுதானே,” என்றார். இவரிடம் கேட்டால், “வாக்குக் குடுத்தது நீங்க,” என்கிறார். புத்தகத்தை அனுப்பாமல் விட்டால் கறுவா பறக்க முடியாது, எங்களிடம்தான் வரும். அவ்வளவு இலகு. அந்த இலகுதான் என்னைப் பயமுறுத்துகிறது.

ஹனாவிடம் எப்படிச் சொல்வது என்றும் தெரியவில்லை. வேறு பூனை வாங்கித் தரலாம் என்று ஒருத்தி சொன்னாள். ஹனாவின் அந்தக் கிண்ணம் வேறு பூனைக்குக் கழுவி வைத்ததில்லை. கறுவா கல்முனைப் பக்கம் போய்விட்டால் ஜும்ஆ நாள் அழைப்பு தொடருமா? தொடர்ந்தாலும், வாக்கை மீறிய உம்மாவுக்கு முன்னால் அந்தப் பிள்ளை வாய் திறப்பாளா?

இதை எழுதுவதே சரியா என்று இரண்டு நாள் யோசித்தேன். பெயரை மாற்றினால் என்ன, விமானத்தில் பூனையோடு வந்தவள் யார் என்று கண்டுபிடிக்க நம் ஆட்களுக்கு அதிக நேரம் தேவையில்லை. றிஸ்னாவிடமே கேட்டேன். “எழுதுங்க ராத்தா,” என்றாள். “எப்பிடியும் தெரியத்தானே போகுது. ஆரோ ஒராள் சொல்றதுக்கு நீங்க சொன்னாப் பரவாயில்ல.”

ஆகவே கேட்கிறேன். பிள்ளைகளோடு நாடு மாறியவர்கள், கொடுத்த வாக்கை மீறவேண்டி வந்தவர்கள் யாராவது இருந்தால், ஏழு வயதுப் பிள்ளையிடம் இதை எந்த வார்த்தையில் சொன்னீர்கள் என்று எனக்கு எழுதுங்கள். புத்தகத்தை அனுப்ப நான் நினைப்பது பிழை என்றால் அதையும் எழுதுங்கள். திங்கட்கிழமைக்கு முன்.

கரையோர ஊர்களில் இருப்பவர்களிடம் இன்னொன்றும் கேட்கவேண்டும். உங்கள் ஒழுங்கையில் ஒரு வேன் வந்து நின்று, ஒரு இளம் பெண் துணிப் பையோடு இறங்கி, பூட்டிக் கிடக்கும் புது வீட்டைத் திறந்தால், பூனையைப் பற்றி மட்டும் கேட்பீர்களா? அதை மட்டும் எனக்கு உறுதியாகச் சொல்லுங்கள். என் மகளிடம் நான் எப்படியாவது கதைத்துக்கொள்கிறேன்.